வாசலில் எழுதிய இலக்கணம்: கோலமும் அதன் சொற்களும்



முன்னுரை

நாட்டார் கலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குப் பொருட்சான்றுகளே முதல் துணையாக அமைகின்றன. கல்லில் வடித்த சிற்பம் நிற்கிறது. சுடுமண் உரு மண்ணுக்கடியில் கிடந்து வெளிப்படுகிறது. துணியில் தீட்டிய ஓவியம் பேழையில் எஞ்சுகிறது. இத்தகைய சான்று எதையும் விட்டுச் செல்லாத ஒரு கலை தமிழரிடம் உண்டு. விடியலில் பிறந்து, மாலைக்குள் காலடியிலும் காற்றிலும் கலைந்து, மறுநாள் வேறோர் உருவில் மீண்டும் பிறப்பது அது. கோலத்தையே குறிப்பிடுகிறோம்.

நாள்தோறும் அழியும் ஒன்றுக்கு வரலாறு எழுத இயலுமா? இயலும் என்பதே நம் கருத்து. கோலம் அழிந்தாலும் அதைப் பற்றிய சொற்கள் அழியவில்லை. அச்சொற்கள் காலத்தையும் கருத்தையும் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. கோலம் தலைமுறை கடந்து வந்தது படமாக அன்று, விதியாக. அந்த விதியைச் சுமந்து வந்தவை புள்ளி, கம்பி, இழை, சுழி, நெளி என்னும் எளிய சொற்கள். இன்று நம் நாடுகளில் கோலம் குறைவின்றிக் கண்ணுக்குத் தெரிகிறது. அச்சொற்களோ காதில் விழுவது அருகி வருகிறது. இவ்வுரை அதைப் பற்றியது.

சொல் தரும் சான்று

‘கோலம்’ என்னும் சொல் பழந்தமிழில் அழகு, வடிவம், ஒப்பனை ஆகிய பொருள்களைத் தந்தது. இன்றும் மணக்கோலம், போர்க்கோலம், திருக்கோலம் என்று வழங்குகிறோம். மணமகள் பூண்ட அணிகளின் தொகுப்பு மட்டுமே மணக்கோலம் ஆகாது. அவள் இன்ன நிலையில் இருக்கிறாள் என்று காண்போர்க்கு அறிவிக்கும் தோற்றமே மணக்கோலம். ஒழுங்கு குலைந்த தோற்றம் அலங்கோலம். ஆகவே ‘கோலம்’ என்பது வெறும் அழகைக் குறிக்கவில்லை. பொருள் உணர்த்தும் ஒழுங்குடைய தோற்றத்தைக் குறித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இப்பொருள்களோடு, மாவு முதலியவற்றால் தரையில் இடும் உருவையும் இச்சொல்லுக்குரிய பொருள்களுள் ஒன்றாகத் தருகிறது. வீடு பூணும் தோற்றம் என்ற அளவில், முந்தைய பொருளிலிருந்து இப்பொருள் இயல்பாகக் கிளைத்திருக்கிறது.

சொல் வேறாயினும் செயல் தொன்மையானது என்பதற்கு ஆண்டாளின் நாச்சியார் திருமொழி ஒரு சான்று. ஆண்டாளின் காலத்தை 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்று அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். அந்நூலின் முதற்பாசுரத்தில், தை மாதத்தில் தரையைத் துலக்கி மண்டலம் இடுவதும், மாசித் தொடக்கத்தில் நுண்மணலால் தெருவை அணி செய்வதும் பேசப்படுகின்றன. அதே நூலின் நான்காம் திருமொழி கூடல் இழைத்தலைப் பாடுகிறது. தலைவி மணலில் வட்டம் வரைந்து, கோட்டின் முனைகள் கூடுகின்றனவா என்று பார்த்துத் தன் காதல் கைகூடுமா என அறிய முயல்வது இவ்வழக்கம். கோட்டின் முனைகள் கூடவேண்டும் என்னும் இவ்வேட்கையையும், கோலத்தில் கம்பி திறந்து நிற்கலாகாது என்று பாட்டிமார் கூறும் விதியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் தகும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் துணியவில்லை. மூடிய கோட்டுக்கு மங்கலப் பொருள் கற்பிக்கும் மனப்பாங்கு தமிழ்ப் பெண்டிரிடம் நெடுங்காலமாக உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

எழுத்தும் கோலமும்

தமிழில் ‘எழுது’ என்னும் வினை, வரைதல், தீட்டுதல், எழுதுதல் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக வழங்கியது. திருக்குறள் 1285ஆம் குறளில் கண்ணுக்கு மை தீட்டுவதற்கு இவ்வினையே ஆளப்படுகிறது. மகளிர் மேனியில் சந்தனக் குழம்பு முதலியவற்றால் வரைந்த தொய்யிலையும் ‘எழுதுதல்’ என்றே சங்கப் பாடல்கள் கூறும். திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்திருந்த மண்டபத்தைப் பரிபாடலின் 19ஆம் பாடல் எழுத்து நிலை மண்டபம் என்று சுட்டுகிறது. கேரளத்தில் வண்ணப் பொடிகளால் தரையில் தெய்வ உருவை வரையும் கலைக்குக் களமெழுத்து என்பதே இன்றும் பெயர். ஆக, எழுதுதலுக்கும் வரைதலுக்கும் இடையே நாம் இன்று காணும் வேலி பழந்தமிழில் இல்லை.

கோலத்தின் கலைச்சொற்களை நோக்கினால் இவ்வுறவு மேலும் தெளிவாகும். ‘புள்ளி’ கோலத்துக்கும் உண்டு, எழுத்துக்கும் உண்டு. மெய்யெழுத்துப் புள்ளி பெற்று நிற்கும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ‘சுழி’ கோலத்துக்கும் உண்டு. இரண்டுசுழி ‘ன’ என்றும் மூன்றுசுழி ‘ண’ என்றும் தொடக்கப்பள்ளியில் கற்பிக்கிறோம். ‘வரி’ என்பது கோடு. எழுத்தின் உருவை வரிவடிவம் என்கிறோம். ஒரே சொற்களைக் கொண்டு இரு கலைகளையும் பேசிய சமுதாயம், இரண்டையும் ஒரே குடும்பத்தினவாகக் கண்டது என்று கொள்வதில் பிழையில்லை.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பள்ளி சென்று எழுதப் படிக்கும் வாய்ப்பு, நம் கொள்ளுப்பாட்டிமாருள் பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை. ஏடுகளும் கணக்குகளும் அவர்களை எழுத்தறியாதவர் என்றே குறித்தன. பதிவேட்டில் கைநாட்டு வைத்த அதே விரல்கள்தாம் விடியற்காலையில் பல புள்ளிகளை வரிசை பிசகாமல் வைத்து, ஒரே கம்பியில் அவற்றைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டு வந்து முடித்தன. எழுத்தறியாதவர் என்ற சொல் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்துமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புள்ளியும் கம்பியும்

கோலத்தின் வகைகள் பல. அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணியைத் தோய்த்து, விரல்வழியே ஒழுகவிட்டு இடுவது இழைக்கோலம். இணைகோடுகளால் சதுரமாக அடுக்கி இடுவது படிக்கோலம். புள்ளிகளை இணைத்துப் பூவும் பறவையும் அமைப்பது புள்ளிக்கோலம். புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிக் கம்பி வளைந்து வளைந்து செல்வது சிக்குக் கோலம். நெளிக்கோலம் என்றும், கம்பிக் கோலம் என்றும், சுழிக் கோலம் என்றும் ஊருக்கு ஊர் அதன் பெயர் மாறும்.

சிக்குக் கோலத்தின் விதிகள் சில. புள்ளி ஒவ்வொன்றும் கம்பியால் சூழப்பட வேண்டும். கம்பி புள்ளியைத் தொடலாகாது. சென்ற தடத்திலேயே மீண்டும் செல்லலாகாது. குறுக்கே வெட்டிச் செல்லலாம். முனை எதுவும் திறந்து நிற்கலாகாது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே கம்பிக்கு உள்ள வழிகளும் சிலவே: இடையில் குறுக்கே வெட்டலாம், இரண்டையும் ஒரே வளைவுக்குள் அடக்கி அப்பால் செல்லலாம், முதற்புள்ளியைச் சுற்றித் திரும்பிவிடலாம். இச்சிறு தெரிவுகளிலிருந்து எண்ணற்ற கோலங்கள் பிறக்கின்றன. முப்பது முதலெழுத்துகளைக் கொண்டு ஒரு மொழியின் சொற்கள் அனைத்தும் அமைவதை இதனோடு ஒப்பிடலாம்.

புள்ளி வைக்கும் முறைக்கும் ஒரு சுருக்கக் குறிப்பு உண்டு. வார, மாத இதழ்களில் கோலம் வெளிவரும்போது, ‘7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி’ என்று ஒரே வரி அச்சிடுவர். நடு வரிசையில் 7 புள்ளி வைத்து, மேலும் கீழும் முந்தைய வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக 6, 5, 4 என்று குறைத்துச் செல்லவேண்டும் என்பது அதன் பொருள். 37 புள்ளிகள் கொண்ட அறுகோணம் கிடைக்கும். ‘7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’ என்றால் 7, 5, 3, 1 என்று புள்ளிக்கு நேர் புள்ளியாகக் குறைந்து 25 புள்ளிகள் கொண்ட சாய்சதுரம் கிடைக்கும். இடைப்புள்ளியைச் சிலர் ஊடுபுள்ளி என்பர். சந்துப்புள்ளி என்பாரும் உளர். மூன்று சொற்கள் ஒரு முழுக் களத்தையும் கட்டமைத்துத் தருகின்றன. இதனினும் செறிவான சூத்திரம் வேண்டுமோ?

விதியே கோலத்தின் உயிர் என்பதற்கு இருதய கமலம் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. நடுவிலிருந்து எட்டுத் திசைகளில் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையிலும் 5 புள்ளிகள். ஆக 40 புள்ளிகள். இதனைப் போடுவோர் நினைவில் வைத்திருப்பது படத்தை அன்று. ‘1, 3, 5, 2, 4’ என்னும் எண்வரிசையை மட்டுமே. முதற்கையின் 1ஆம் புள்ளியில் தொடங்கி, அடுத்த கையின் 3ஆம் புள்ளி, அதற்கடுத்த கையின் 5ஆம் புள்ளி, பின் 2, பின் 4, மீண்டும் 1 என்று கைக்குக் கை தாவிச் சென்றால், ஐந்து சுற்று முடிந்ததும் 40 புள்ளிகளும் ஒருமுறையே தொடப்பட்டு, கம்பி தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். கைகள் எட்டாக இல்லாமல் பத்தாக இருந்தால் என்ன ஆகும் என்று மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒரே சுற்றில் கம்பி மூடிக்கொள்ளும்; 50 புள்ளிகளையும் தொட ஐந்து தனித்தனிக் கம்பிகள் தேவைப்படும். எட்டுக்கும் ஐந்துக்கும் 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாமையே முதலாவதன் இரகசியம். இதனைக் கணிதப் பெயர் எதுவும் சொல்லாமல் கையால் அறிந்திருந்தனர் நம் முன்னோர் வீட்டுப் பெண்டிர்.

இவ்விதிமுறையைக் கல்வியுலகம் கவனிக்காமல் இல்லை. ஜான் லேயர்டு என்னும் மானிடவியலார் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைகுத்தும் உருக்களையும் ஒருங்கே வைத்து ஆய்ந்து எழுதினார். பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிருதிவாசனோடு இணைந்து 1974இல் கோலத்தைப் பட இலக்கணத்தின் துணைகொண்டு விளக்கினர். நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட நூலின் வழிப் பரவிய கருத்து, வரம்புடைய விதிகளிலிருந்து வரம்பிலாத் தொடர்கள் பிறக்கும் என்பது. சொற்றொடர்க்குக் கூறிய அதனைக் கணினியியலார் படங்களுக்கு விரித்தபோது, அவர்கள் கைக்கு வாய்த்த எடுத்துக்காட்டு நம் வாசலில் இருந்தது. அதே கிஃப்ட் சிரோமணி, அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி கண்டறியும் முறையைப் பற்றி 1978இல் தம் உடனாய்வாளரோடு கட்டுரை வெளியிட்டவர் என்பதும் நினைக்கத்தக்கது. எழுத்தும் கோலமும் அறிஞர் ஒருவரின் மேசையில் மீண்டும் ஒன்றுகூடின.

இன்மையின் பொருள்

விதி இருந்தால் மட்டும் ஒன்று மொழியாகிவிடாது. அது பொருளும் உணர்த்தவேண்டும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகிய பூசணிப்பூ, பொங்கலன்று பானையும் கரும்பும், மங்கல நாளில் வெண்கோலத்தைச் சூழும் செங்காவி ஆகியவை அறிந்தவர்க்கு அறிவிப்புகள். மங்கல நிகழ்வுக்கு ஒற்றை இழையாக இடாமல் இரட்டை இழையாகவே இடுவது பல குடும்பங்களின் வழக்கம். அரிசி மாவில் இடும் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும் என்று பாட்டிமார் கூறுவது, நாளின் முதற்செயல் ஈகையாக இருக்கவேண்டும் என்னும் அறத்தைக் கற்பிக்கிறது.

கோலம் இல்லாமையும் ஒரு செய்தியே. இறப்பு நேர்ந்த வீட்டு வாசலில் கோலம் இராது. முன்னோர்க்குரிய நாளில் சடங்கு முடியும் வரை கோலம் இடுவதில்லை. தெருவில் செல்வோர் வெறும் வாசலைக் கண்டு, எவரும் சொல்லாமலேயே, குரலைத் தாழ்த்திக்கொள்வர். எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை என்று நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கிறோம். ஏனைய வேற்றுமைகட்கு உருபு இருத்தலால், உருபின்மையே எழுவாய்க்கு அடையாளமாகிறது. அதுபோல, நாள்தோறும் கோலமிடும் தெருவில் மட்டுமே கோலமின்மைக்குப் பொருள் உண்டு. நாள்தோறும் இடும் வழக்கம் ஒழிந்த தெருவில் வெறும் வாசல் எதையும் சொல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கோலம் இடும் சமுதாயம், இடாத நாள்களில் துயரையும் அறிவிக்க இயலாமற் போகிறது.

கடல் கடந்த வாசல்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர் பெருந்தொகையினராக வந்த தொடக்கக் காலத்தில் ஆண்களே மிகுதி. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் பெண்களின் வருகை பெருகியது. தொழிலாளர் உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடுத்த பின்னர், வந்தவர்கள் வேரூன்றிய குடும்பங்களாயினர். ஆகவே இந்நாடுகளில் வாசற்கோலத்தின் வரலாறு பெருமளவுக்குப் பெண்கள் வந்து குடும்பம் அமைத்த வரலாறே. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் கொண்டு வந்த மூட்டைக்குள் கோலத்துக்கென்று பொருள் ஏதும் தேவைப்படவில்லை. விரலும் விதியும் போதுமாயிருந்தன. தோட்டத்து லயன் வீடுகளின் முன்னிருந்த மண்தரை அவ்விதிக்கு இடம் கொடுத்தது.

பின்னர் வாசலே மாறிற்று. 1950களின் பிற்பகுதி தொடங்கித் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தன. சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் அடுக்குமாடி வாழ்வே பெரும்பாலோர் வாழ்வாயிற்று. அண்டை வீட்டாரும் நடக்கும் நடைபாதையே வாசலாயிற்று. மண்ணுக்கு மாறாகச் சிமிட்டித் தரை. விடியலுக்கு முன்பே பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் விரையும் வாழ்வு. இந்நெருக்கடிக்குள் சுண்ணக்கட்டியும் ஸ்டிக்கர் கோலமும் இடம் பிடித்தன. இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. இடம் சுருங்கியபோதும் வாசலை வெறுமையாக விட மனம் வராமையின் அடையாளங்கள் இவை.

மறுபுறம், தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியால் பெருங்கோலங்கள் அமைகின்றன. பல இனத்தாரும் நின்று கண்டு மகிழும் இக்காட்சி நமக்குப் பெருமையே. இருப்பினும் அது வேறொரு கலை. முன்னரே வரைந்த ஓவியத்துக்குள் நிறம் நிரப்புவது அதன் முறை. புள்ளிக் கணக்கும் கம்பியின் போக்கும் அங்கே தேவைப்படுவதில்லை. இதனை ரங்கோலி என்று பலர் அழைப்பது ஒருவகையில் பொருத்தமே. வடமொழியில் ‘ரங்கம்’ நிறம், ‘ஆவலி’ வரிசை, நிறத்தை முன்னிறுத்தும் பெயர் அது. ‘கோலம்’ வடிவத்தை முன்னிறுத்துவது. தெலுங்கர் முக்கு என்றும், வங்காளத்தார் ஆல்பனா என்றும், பீகாரின் மிதிலைப் பகுதியினர் அரிபன் என்றும் தத்தம் தரைக்கோலத்தைத் தத்தம் சொல்லால் அழைக்கின்றனர். சிக்குக் கோலத்தையும் ரங்கோலி என்று நாம் அழைக்கத் தொடங்கினால், பெயரோடு சேர்ந்து அதன் கருத்தும் நழுவும். மலாய் மொழியில் ‘கோலாம்’ என்றால் குளம். அதுவே நம் ‘குளம்’ என்னும் சொல்லிலிருந்து சென்றதென மொழியியலார் கொள்வர். ஆதலால் மலாய் நண்பரிடம் ‘வாசலில் கோலம்’ என்றால் அவர் நீர்நிலையை நினைக்கக்கூடும். அவருக்கு விளக்கும் அவ்வொரு நிமிடம் நமக்கு நல்வாய்ப்பு. ரங்கோலி என்று எளிதில் கடந்துவிட்டால் அவ்வாய்ப்பும் போய்விடும்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள வனுவாட்டுத் தீவினர், மணலில் கட்டம் அமைத்து ஒரே விரலால் இடையறாத கோட்டில் உருவம் வரைவர். வெவ்வேறு மொழிகள் பேசும் தீவினரிடையே கருத்தைப் பரிமாறும் வழியாகவும் அது விளங்கியது. யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் அதனை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மரபில் வரைபவர், வரையும் உருவோடு அதற்குரிய கதையையும் விளக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். கோடும் சொல்லும் சேர்ந்தே மரபு என்பதை அத்தீவினர் நமக்கு நினைவூட்டுகின்றனர்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கட்கு மூன்று பயிற்சிகளை முன்வைக்கிறோம். முதலாவது, சொல் திரட்டல். மாணவர் தத்தம் பாட்டியிடமோ அண்டை வீட்டு மூதாட்டியிடமோ கோலம் பற்றிய சொற்களைக் கேட்டு, அவர் குடும்பம் தமிழகத்தின் எவ்வூர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்பதோடு குறித்து வரலாம். இடைப்புள்ளியா, ஊடுபுள்ளியா, சந்துப்புள்ளியா என்னும் வேறுபாடே வட்டார வழக்குப் பாடத்துக்குப் போதிய பொருளாகும்.

இரண்டாவது, நம் பள்ளிகளில் வழங்கும் சொல்வதெழுதுதலைப் போலச் சொல்வதைக் கோலமிடுதல். ஒரு மாணவர் கோலத்தைப் பார்த்துச் சொற்களால் மட்டும் விவரிக்க, படத்தைக் காணாத மற்றொருவர் கரும்பலகையில் இடவேண்டும். புள்ளியைச் சுற்று, இடையில் வெட்டு, வெளிவளைவில் செல், திரும்பு என்று சொல்லச் சொல்ல, துல்லியமான வினைச்சொற்களின் அருமை அவர்களுக்கே விளங்கும். சொல் தடுமாறும் இடத்தில் கம்பியும் தடுமாறும்.

மூன்றாவது, இருதய கமலத்தைக் கணித ஆசிரியரோடு இணைந்து கற்பித்தல். கைகளின் எண்ணிக்கையையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் மாற்றி, எப்போது ஒரே கம்பி கிடைக்கிறது என்று மாணவர் தாமே கண்டறியட்டும்.

நிறைவுரை

அழியாமல் காப்பதே பாதுகாப்பு என்று பொதுவாகக் கருதுகிறோம். கோலத்துக்கு அது பொருந்தாது. ஒட்டி வைத்த கோலம் பல மாதம் இருக்கும். அதைக் கண்டு ஒரு குழந்தையும் கோலம் போடக் கற்பதில்லை. நாள்தோறும் அழிந்ததால்தான் நாள்தோறும் போட வேண்டியதாயிற்று. நாள்தோறும் போட்டதால்தான் மகள் தாயைப் பார்த்துக் கற்றாள். பேச்சும் இத்தகையதே. சொன்ன சொல் காற்றில் கரைகிறது. மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதால் மொழி வாழ்கிறது.

கோலத்தின் விதிகளையும் பெயர்களையும் அறிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் காலம் நீண்டதன்று. இக்கூட்டத்திற்கு வந்துள்ள ஒவ்வொரு மாணவரும் இவ்வார இறுதிக்குள் ஒரு மூதாட்டியிடம் ஒரு கோலத்தையும், அதற்குரிய சொற்களையும் கற்றுக்கொண்டால், இவ்வுரையின் பயன் அதுவே.